தெளிய வைத்த தண்ணீர்

வெட்கப்பட வேண்டிய வியாதி என்று நினைத்து மூன்று வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தேன். அந்த வெட்கம் என்னை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் தெருப் பெண்கள் பொரி வாங்குகிற சாக்கில் கடைக்கு வந்து, மற்றவர்கள் நகர்ந்த பிறகு, முறத்தின் மேல் குனிந்து மெதுவாகக் கேட்கிறார்கள். ஒவ்வொருத்தியிடமும் பாதிதான் சொல்ல முடிகிறது. அதற்குள் யாராவது ஆம்பிளை கடலை கேட்டு வந்துவிடுகிறான். எழுதி வைத்தால் படிக்கத் தெரிந்தவள் படித்து, தெரியாதவளுக்குச் சொல்லட்டும். நான் படித்தது மிஷன் பள்ளியில் இரண்டு வகுப்பு. மீதியைப் பொட்டலம் மடிக்கிற காகிதங்களில் எழுத்துக் கூட்டிக் கற்றுக்கொண்டேன். பிழை இருந்தால் அதைப் புடைத்துத் தள்ளிவிட்டு விஷயத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.

மயிலாப்பூரில் குளத்தை விட்டுத் தெற்கே போகிற தெருவில் எங்கள் பொரிகடலைக் கடை. அடுப்பில் மணலைக் காயவைத்து, அரிசியையும் கடலையையும் அதில் போட்டு வறுக்கிற தொழில். என் வீட்டுக்காரர் போனபின் முப்பது வருஷம் அந்த அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்தவள் நான். மணல் எந்தச் சூட்டில் இருக்கிறது என்று கையை மேலே காட்டியே சொல்லிவிடுவேன். என் மகன் வேதாசலத்துக்கு இன்றைக்கும் அது வராது.

கடைக்குப் பின்னால் வீடு. வீட்டுக்குப் பின்னால் நீளமாக ஒரு வெறும் மனை. கக்கூஸ் அந்த மனையின் கடைசியில், பின்சந்தை ஒட்டி இருந்தது. நாங்கள் எப்போது வேண்டுமானாலும் போய் வந்துகொண்டிருந்தோம். அப்புறம் மாம்பலத்தில் ஏரியைத் தூர்த்துப் புதுசு புதுசாக வீடு கட்ட ஆரம்பித்தார்கள். தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். அத்தனை வீட்டுக்கும் கதவு, ஜன்னல் வேண்டாமா? மனைக்காரர் எங்கள் பின்மனையைத் தச்சுப் பட்டறைக்கு வாடகைக்கு விட்டார். காலை ஏழு மணிக்கு வந்தால் பொழுது சாய்ந்துதான் போவார்கள். பதினைந்து ஆம்பிளைகள். கக்கூசுக்குப் போகிற வழியின் இரண்டு பக்கமும் ரம்பமும் உளியுமாக உட்கார்ந்திருப்பார்கள்.

கையில் சொம்போடு பதினைந்து ஆம்பிளைகளுக்கு நடுவே நடக்கிற வழக்கம் எங்கள் குடும்பத்தில் கிடையாது. விடியுமுன் ஒரு தடவை, பட்டறை மூடினபின் ஒரு தடவை. நடுவில் கிடையாது. அதற்காகப் பகலில் தண்ணீரைக் குறைத்தேன். காலையில் ஒரு லோட்டா, மத்தியானம் சோற்றோடு வாய் நனைக்க ஒரு மடக்கு. அடுப்பு முன்னால் உடம்பு வியர்த்துக் கொட்டும். தாகம் எடுத்தால் வெற்றிலையை வாயில் போட்டுக்கொள்வேன். இதை நான் பெருமையாகவே நினைத்தேன். அந்த வருஷம்தான் வேதாசலத்துக்குக் கல்யாணமாகிக் கன்னியம்மா எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த மறுநாளே அவளைக் கூப்பிட்டுச் சொன்னேன்: "இந்த வூட்டுப் பொம்பளைங்களைப் பகல்ல யாரும் சொம்போட பாத்ததில்லே. பழகிக்கோ."

"சரி அத்தை," என்றாள். அவள் எல்லாவற்றுக்கும் சரி அத்தைதான்.

முதல் தடவை வந்தது ஆடி மாசத்தில். இருட்டினபின் போனேன், மிளகாயைத் தடவினாற்போல் எரிந்தது. போய் வந்து உட்கார்ந்தால் மறுபடி போகவேண்டும் போல இருந்தது. போனால் நாலு சொட்டு. சூடு என்று நினைத்தேன். அடுப்புக்காரிக்குச் சூடு பிடிக்காமல் யாருக்குப் பிடிக்கும்? வெந்தயம் ஊறவைத்துச் சாப்பிட்டேன். நெருஞ்சில் போட்டுக் கஷாயம் வைத்து இரண்டு வேளை குடித்தேன். மூன்றாம் நாள் விட்டுவிட்டது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

ஐப்பசியில் மறுபடி வந்தது. தையில் வந்தது. பங்குனியில் வந்தபோது கூடவே ஒரு நாற்றமும் வந்தது. விட்ட தண்ணீர் அரிசி கழுவின கழுநீர் போலக் கலங்கி இருந்தது. ஒவ்வொரு தடவையும் மூன்று நாளில் தானாகப் போய்விடும். அதுதான் அதன் தந்திரம். போகிறபோது கதவைச் சாத்திக்கொண்டு போகாது. ஒருக்களித்து வைத்துவிட்டுப் போகும். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் உள்ளே தள்ளி வந்து உட்காரும். எனக்கு அது தெரியவில்லை.

இப்படியே இரண்டு வருஷத்துக்கு மேல் ஓட்டினேன். ஒரு சித்திரை மத்தியானம், மணல் கொதிக்கிற அடுப்புக்கு எதிரே உட்கார்ந்திருந்தவளுக்குக் குளிர் எடுத்தது. பல்லோடு பல் அடித்தது. கையிலிருந்த கரண்டி நழுவி மணலில் விழுந்தது. வலது பக்கம், விலா எலும்புக்குக் கீழே முதுகில், யாரோ கட்டை விரலை வைத்து அழுத்துகிறாற்போல் வலி.

வேதாசலம் ஓடிவந்து நெற்றியைத் தொட்டுப் பார்த்தான். "இன்னாம்மா, அடுப்பாட்டம் கீது உடம்பு! ஜட்கா வச்சிகினு வரேன், ஆஸ்பத்திரிக்குப் போலாம்."

"நான் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன். அங்கே போனவங்க திரும்பினதில்லே."

"போகாதவங்களும் திரும்பினதில்லேம்மா," என்றான். அந்தப் பயலுக்கு என் வாய் வந்திருக்கிறது.

ஆஸ்பத்திரியின் பெயரை எழுதவில்லை. டிராம் ஏறினால் போய்ச் சேருகிற தூரம். பெண்களுக்குத் தனி வார்டு இருந்தது. அதற்கு முன்னால் வராந்தாவில் நீள பெஞ்சியில் காத்திருக்க வேண்டும். அந்த வராந்தாவில் யாரும் யாரையும் பார்த்துப் பேசமாட்டார்கள். கதவு திறக்கிறபோது மட்டும் எல்லாத் தலையும் ஒன்றாகத் திரும்பும். உள்ளே போனவள் எந்த முகத்தோடு வெளியே வருகிறாள் என்று பார்க்கத்தான்.

என்னைப் பார்த்தது லேடி டாக்டர். முப்பத்தைந்து வயது இருக்கும். கிறிஸ்தவப் பெண், தமிழ் நன்றாகப் பேசுவாள். என்னிடம் எல்லாரும் கேட்கிறதைக் கேட்காமல் வேறொன்று கேட்டாள்: "பகல்ல எத்தனை தடவை ஒண்ணுக்குப் போவீங்க?"

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "பகல்ல போறதில்லே," என்றேன்.

அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். பாராட்டப்போகிறாள் என்று நினைத்தேன்.

அங்கே எனக்குச் செய்த சோதனைகளைச் சொல்கிறேன். தெரிந்துகொண்டால் பயம் குறையும். முதலில் ஒரு கண்ணாடிக் குடுவையில் மூத்திரம் பிடித்துத் தரச் சொன்னார்கள். அதை ஒரு பூதக்கண்ணாடிக் குழாயின் கீழ் வைத்துப் பார்த்தால் சீழ் அணுக்கள் தெரியுமாம். எனக்கு எண்ணமுடியாதபடி இருந்ததாம். பிறகு முதுகுப் பக்கம் எக்ஸ்ரே என்கிற நிழல் படம். கல் இருக்கிறதா என்று பார்க்க. கல் இல்லை. மூன்றாவது, விளக்கு வைத்த மெல்லிய குழாயை மூத்திரப்பைக்குள் செலுத்திப் பார்க்கிறது. எனக்கு அறுபது வயது. அந்த மேஜை மேல் படுத்தபோது, செத்துவிட்டால் நல்லது என்று நினைத்தேன். லேடி டாக்டர் என் முகத்தின்மேல் என் முந்தானையையே எடுத்துப் போட்டுவிட்டாள். அந்த ஒரு காரியத்துக்காக அவளை மறக்கமாட்டேன்.

அதற்கு முன்னால் கையில் நீல மருந்து ஒன்றை ஊசியால் ஏற்றியிருந்தார்கள். மூத்திரக்காய் என்கிற கிட்னி மனுஷருக்கு இரண்டு. முதுகுக்குள் இரண்டு பக்கமும் இருக்கின்றன. ரத்தத்திலிருந்து அழுக்கை வடிகட்டுகிறது அவற்றின் வேலை. நல்ல கிட்னியாக இருந்தால் அந்த நீலம் சில நிமிஷத்தில் வடிந்து பைக்குள் வந்துவிடுமாம். குழாய் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இடது பக்கம் சீக்கிரம் வந்துவிட்டது. வலது பக்கத்துக்குக் காத்திருந்தோம். சுவர்க் கடிகாரத்தின் சத்தம் மட்டும் கேட்டது. முந்தானைக்குள் இருந்தபடி, "வந்துட்டுதா?" என்று கேட்டேன். மறுபடி கேட்டேன். கடைசியில், "வருது. கொஞ்சமா வருது," என்றாள். அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை.

அன்று முழுக்க எனக்கு நீலமாகப் போயிற்று. பக்கத்துக் கட்டிலில் இருந்தவள் ரஹ்மத்பீ. ராயப்பேட்டைக்காரி, அவள் புருஷனுக்குப் புஸ்தகம் பைண்டு செய்கிற தொழில். என்னைவிடப் பத்து வயது சின்னவள். வியாதியும் என்னுடையதே, வருஷம்தான் அதிகம். நான் நீலத்தைச் சொன்னதும் தலையணையில் முகத்தைப் புதைத்துச் சிரித்தாள். "அக்கா, வீணாக்காதே! சீசாவுல புடிச்சு வை. எங்க வூட்டுக்காரர் மைக்குத் தினம் கடைக்கு அலையறாரு."

"உன் வூட்டுக்காரர் அதைத் தொட்டு எழுதினா எந்த ஊர்லயும் படிக்கமாட்டாங்க," என்றேன்.

எங்கள் இரண்டு கட்டிலுக்கு மட்டும் அந்த வார்டில் சிரிப்பு இருந்தது. நர்சு வந்து அதட்டுவாள். சிரிப்பு அடங்கினபின் அவளும் பகலில் போவதில்லை என்று தெரிந்தது. அவள் வீட்டில் முன்பக்கம் முழுவதும் பைண்டிங் ஆட்கள். வேலையாட்கள் இருக்கும்போது முற்றத்தைக் கடக்கக்கூடாது. "பதினாலு வயசுல வந்தேன்க்கா. பகல்ல ஒரு நாள் போனதில்லே," என்றாள். அதை அவள் சொன்ன விதம் நான் டாக்டரிடம் சொன்ன விதமாகவே இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை அவளை ஆபரேஷனுக்கு அழைத்துப்போனார்கள். ஒரு பக்கத்துக் கிட்னி சீழ்ப்பையாகிவிட்டது, எடுக்கவேண்டும் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். போகும்போது தன் ஓலை விசிறியை என் கட்டில்மேல் போட்டு, "வந்து வாங்கிக்கறேன், தொலைச்சுடாதே," என்றாள். மத்தியானம் அவள் வரவில்லை. சாயங்காலம் ஆயா வந்து அந்தக் கட்டில் மெத்தையைச் சுருட்டி, வராந்தாக் கைப்பிடியில் வெயிலில் போட்டாள். நான் அந்த விசிறியை எடுத்து என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் பெரிய டாக்டர் என் கட்டிலண்டை வந்து நின்று, லேடி டாக்டரோடு இங்கிலீஷில் பேசினார். பேசிக்கொண்டே என் வலது பக்கத்தை விரலால் தட்டிக் காட்டினார். கத்தி என்ற சொல்லைச் சொல்லாமலே புரிந்துவிட்டது. அவர் போனபின் லேடி டாக்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"வலது கிட்னி கெட்டுப்போச்சு, எடுத்துடலாம்னு சொல்றார். எனக்கு அப்படித் தோணலை. தாமதமா வந்தாலும் நீலம் வந்தது. அதுக்கு இன்னும் உயிர் இருக்கு. ரெண்டு மாசம் அவகாசம் கேட்டிருக்கேன். மருந்து தரேன். நீங்க செய்யவேண்டியதை நீங்க செய்யணும். ரெண்டு மாசத்துல மூத்திரம் தெளிஞ்சா கத்தி இல்லை. தெளியலேன்னா நான் குறுக்கே நிக்கமுடியாது."

நான் செய்யவேண்டியது என்ன? பகலில் எட்டுப் பத்து லோட்டா தண்ணீர் அல்லது பார்லிக் கஞ்சித் தண்ணீர் குடிக்கவேண்டும். இரண்டு மணிக்கு ஒரு தடவை, வந்தாலும் வராவிட்டாலும், போகவேண்டும். அவசரப்படாமல் முழுக்கப் போகவேண்டும். கழுவுகிறபோது முன்னாலிருந்து பின்னால் கழுவவேண்டும். பின்னாலிருந்து முன்னால் கொண்டுவரக் கூடாது. மலத்தில் இருக்கிற கிருமி பெண்களுக்கு அந்தச் சின்ன வழியில் சுலபமாக ஏறிவிடுகிறது. ஏறின கிருமி, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தால் அடித்துக்கொண்டு போய்விடும். தேங்கினால் குடித்தனம் வைத்துவிடும். கோடையில் நம் குளம் வற்றிப் பச்சையாகிறதைப் பார்த்ததில்லையா? அதுதான். இதோடு சோடா உப்பு ருசியில் ஒரு மிக்சர், எரிச்சலுக்கு. கிருமிக்கு ஒரு வெள்ளை மாத்திரை. வாராவாரம் திங்கட்கிழமை, விடியற்காலை மூத்திரத்தைச் சுத்தமான சீசாவில் கொண்டுவந்து காட்டவேண்டும்.

எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டினேன். வீட்டுக்கு வந்தேன். பட்டறையில் பதினைந்து பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.

மாத்திரையைச் சாப்பிட்டேன். மிக்சரைக் குடித்தேன். கன்னியம்மா வைத்துக்கொடுத்த பார்லித் தண்ணீரைக் காலையில் ஒரு லோட்டா குடிப்பேன். மீதியை, அவள் உள்ளே திரும்பினதும், அடுப்புச் சாம்பலில் ஊற்றிவிடுவேன். பகலில் போகவில்லை. முப்பது வருஷத்துப் பெயரை எட்டு லோட்டா தண்ணீருக்கு விற்கமுடியுமா?

முதல் திங்கட்கிழமை வந்தது. விடியற்காலை ஒரு புதுச் சட்டியில் பிடித்து, விளக்குக்கு எதிரே பார்த்தேன். கலங்கல். அடியில் வெள்ளையாகத் திரிதிரியாக மிதந்தது. இதைச் சீசாவில் ஊற்றி அந்த லேடி டாக்டர் கையில் கொடுக்கவேண்டும். எனக்குக் கை வரவில்லை. கலங்கின தண்ணீரை விருந்தாளிக்கு யாராவது கொடுப்பார்களா? அதோடு, வெயிலில் கிடந்த அந்த மெத்தை கண்ணில் நின்றது. தெளிந்தால் கத்தி இல்லை என்றுதானே சொன்னாள்?

கிணற்றில் புதுத்தண்ணீர் கலங்கி வந்தால் நாம் என்ன செய்கிறோம்? குடத்தின் உட்புறம் தேத்தாங்கொட்டையை உரைத்துவிட்டுத் தெளிய வைக்கிறோம். கலங்கல் அடியில் தங்கிவிடும். மேலே கண்ணாடி மாதிரி தண்ணீர். அதைத்தான் செய்தேன். ஒரு தேத்தாங்கொட்டையை எடுத்துச் சட்டியின் பக்கத்தில் உரைத்து, அசைக்காமல் ஓரமாக வைத்தேன். எட்டு மணிக்குப் பார்த்தபோது தெளிந்திருந்தது. மேலாக இறுத்துச் சீசாவில் எடுத்துக்கொண்டு டிராம் ஏறினேன். அடியில் நின்றதைச் சாம்பல் போட்டு மூடினேன்.

லேடி டாக்டர் சீசாவை ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பார்த்தாள். "பரவாயில்லையே," என்றாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்ததும், நானே தேறிவிட்டாற்போல் இருந்தது. நாலு திங்கட்கிழமை இப்படியே போயிற்று. ஐந்தாவது திங்கட்கிழமை, மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றாள்.

நிறுத்தினோம். அதிலிருந்து பதினோராம் நாள் அடுப்பண்டை உட்கார்ந்திருந்தவளைக் குளிர் பிடித்துத் தள்ளியது. இந்தத் தடவை கரண்டி மட்டும் விழவில்லை. நானே விழுந்தேன். மணல் சட்டியில் கை படாமல் கன்னியம்மா பிடித்து இழுத்ததாகப் பிறகு சொன்னார்கள். எனக்கு ஞாபகம் இல்லை. யாரோ விசிறிக்கொண்டிருந்தார்கள், ரஹ்மத்பீதான் வந்து தன் விசிறியைக் கேட்கிறாள் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அதே வார்டு. எனக்குக் கிடைத்தது ரஹ்மத்பீயின் கட்டில். இந்தத் தடவை சீசாவை என்னிடம் கேட்கவில்லை. நர்சே ஒரு மெல்லிய ரப்பர்க் குழாய் வைத்து நேராக எடுத்துவிட்டாள். அதைக் கொண்டுவந்து லேடி டாக்டர் என் கண்ணுக்கு எதிரே பிடித்தாள். புளித்த மோர் மாதிரி இருந்தது.

"தாயாரம்மா, போன திங்கட்கிழமை கொண்டுவந்தீங்களே, அது யாரோடது?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தக் காய்ச்சலிலும் எழுந்து உட்கார்ந்தேன். "யாரோடதா? என்னோடதுதான்! அடுத்தவங்களோடதைக் கொண்டாந்து காட்டற குடும்பமில்லே நாங்க!"

காலடியில் நின்றிருந்த கன்னியம்மா வாயைத் திறந்தாள். எனக்கு எதிரில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "அவங்களோடதுதாம்மா. ஆனா தேத்தாங்கொட்டை போட்டுத் தெளிய வச்சு மேலாக்க எடுத்துகினு வந்தாங்கோ. அடியில நின்னதைச் சாம்பல் போட்டு மூடுவாங்கோ. நான் பாத்துகினுதான் இருந்தேன்."

"ஏண்டி..." என்று அவள் பக்கம் திரும்பினேன்.

நர்சு வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். லேடி டாக்டர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தாங்கியிருப்பேன். குடுவையைக் கீழே வைத்துவிட்டு, மெதுவாகச் சொன்னாள்: "வியாதியை வீட்டுல வச்சுட்டுத் தண்ணியை மட்டும் எனக்குக் கொண்டுவந்தீங்களா? அதைப் பார்த்துத்தானே நான் மருந்தை நிறுத்தினேன்? உங்களுக்காகப் பெரிய டாக்டர்கிட்டே வாதாடினவ நான்."

முப்பது வருஷத்தில் யாரும் என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. அன்று குனிந்தேன்.

பெரிய டாக்டர் வந்தார். வருகிற வியாழக்கிழமை என்று நாள் குறித்துவிட்டுப் போனார். லேடி டாக்டர் அவர் பின்னாலேயே வராந்தாவில் நடந்தாள். கதவிடுக்கில் அவள் கைகள் அசைவது தெரிந்தது. திரும்பி வந்து, "வியாழக்கிழமைக்கு ஆறு நாள் இருக்கு. அதுக்குள்ள ஜுரம் விட்டு, குடுவையிலே நான் நம்பறாப்பல ஏதாவது தெரியணும். அவ்வளவுதான் என்னால முடிஞ்சது," என்றாள்.

அந்த ஆறு நாளை எழுதக் கஷ்டமாக இருக்கிறது. கட்டிலுக்குப் பக்கத்தில் கன்னியம்மா தரையில் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டாள். ஆஸ்பத்திரி மணி அடிக்கிறபோதெல்லாம் ஒரு லோட்டாத் தண்ணீரை நீட்டுவாள். ஒன்று விட்டு ஒரு மணிக்குத் தட்டியை இழுத்து மறைத்து, பீங்கான் சட்டியை வைப்பாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வேன். "நானும் அந்தாண்டை பாக்கறேன் அத்தை. ரெண்டு பேரும் சுவத்தைப் பாத்துகினு இருப்போம்," என்பாள். இரண்டாம் நாள் ஜுரம் ஏறியது. மூன்றாம் நாளும் ஏறியது. வேதாசலம் சாயங்காலம் வந்து, என் பாதத்தைப் பிடித்துவிட்டுப் போவான். நாலாம் நாள் காலையில் உடம்பு வியர்த்தது. ஐந்தாம் நாள் முதுகு வலி, பிடித்திருந்த விரலைக் கொஞ்சம் தளர்த்தினாற்போல் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் லேடி டாக்டர் குடுவையைத் தூக்கிப் பார்த்தாள். தெளிவில்லை. கலங்கல்தான். ஆனால் அடியில் திரி இல்லை. "இது பொய் சொல்லலை," என்றாள். வியாழக்கிழமை ஆபரேஷன் மேஜைக்கு வேறொருத்தியை அழைத்துப்போனார்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

மேலும் இருபது நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். "கிட்னி உங்களோடதாவே இருக்கட்டும், இப்போதைக்கு," என்றாள் லேடி டாக்டர். அந்த இப்போதைக்கு என்ற சொல்லை டிராமில் வருகிற வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள், வெயில் நன்றாக ஏறின பிறகு, மூன்று லோட்டாத் தண்ணீர் குடித்தேன். சொம்பை எடுத்துக்கொண்டு பின்வாசலைத் திறந்தேன். ரம்பச் சத்தம் சட்டென்று நின்றது. ஒரு இழைப்புளி மட்டும் கொஞ்சம் ஓடி அதுவும் நின்றது. மரத்தூளில் என் கால் புதைந்தது. அந்த வழி நாற்பது தப்படி இருக்கும். தலையைக் குனியாமல்தான் நடந்தேன், குனிந்தால் அழுதிருப்பேன். திரும்பி வரும்போது பெரிய ஆசாரி துரைசாமி எழுந்து நின்று, ஆட்களிடம், "இன்னாடா பாக்கறே? மேஜைங்களை அந்தாண்டை திருப்பிப் போடு. வெளிச்சம் அங்கதான் நல்லா கீது," என்று அதட்டினார். வெளிச்சம் அங்கே இல்லை. சுவர்தான் இருந்தது. மறுநாளிலிருந்து பதினைந்து பேரும் சுவரைப் பார்த்து உட்கார்ந்து வேலை செய்தார்கள். பத்து நாளில் வழி நெடுக மூங்கில் தட்டியும் வந்துவிட்டது. யார் கட்டினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஒரு மூட்டைப் பொரி அனுப்பினேன்.

அப்போது நடந்த இன்னொன்றையும் சொல்லிவிடவேண்டும். தட்டி கட்டின அன்று கன்னியம்மா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்றாள். போகவுமில்லை, வரவுமில்லை.

"இன்னாடி?"

"எனக்கும் எரியுது அத்தை."

"எப்போலேருந்து?"

"வந்த வருசத்துலேருந்து. வந்து வந்து போவுது. நீங்க பழகிக்கோன்னீங்கோ."

மணலில் கரண்டி விழுந்த நாளில்கூட எனக்கு அப்படிக் குளிர் எடுக்கவில்லை. அவளுக்கு அப்போது இருபத்திரண்டு வயது.

இப்போது மாசத்துக்கு ஒரு தடவை நாங்கள் இரண்டு பேரும் டிராமில் போகிறோம். எனக்கு இந்த வருஷத்தில் ஒரு தடவை வந்தது. குளிருக்கு முன்னாலேயே பிடித்துவிட்டோம். அவளுக்கு இரண்டு தடவை. இந்த வியாதி போய்விட்டது என்று யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. நீங்களும் சொல்லிக்கொள்ளாதீர்கள். அது வாசலில்தான் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீர் ஓடுகிறவரை உள்ளே வராது, அவ்வளவுதான். ரஹ்மத்பீயின் விசிறி என்னிடம்தான் இருக்கிறது. அடுப்பண்டை உட்காரும்போது அதைத்தான் வீசிக்கொள்கிறேன். அது கையில் இருந்தால் லோட்டாவை எடுக்க மறக்கமாட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அந்த நீள பெஞ்சியில் எங்கள் முறைக்குக் காத்திருப்போம். மடியில் இரண்டு சீசாக்கள். அசையாமல் வைத்திருந்தால் கலங்கல் அடியில் தங்கி, மேலே தெளிந்துவிடுகிறது. எங்கள் பெயரைக் கூப்பிட்டதும் இரண்டு சீசாவையும் எடுத்து, நன்றாகக் குலுக்கிக்கொண்டுதான் உள்ளே போகிறோம்.